கேஸ் கட்டைத் திருப்பிக் குடுத்த கதை

மூணாவது மாடி ஜூனியர்:

2014ல வக்கீலா என்ரோல் பண்ண கையோட சென்னை தம்பு செட்டி தெருவுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல ஜூனியரா சேந்தேன். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சீனியர், குமாஸ்தா அண்ணன், நான், மொத்தமே அவ்ளோதான். மாசம் 4000, அதுவும் சீனியரா பாத்து குடுக்கறப்பதான். பெரும்பாலும் எம்சிஓபி, அதான் ஆக்சிடென்ட் கேஸ், கூட கொஞ்சம் செக் பவுன்ஸ்.

ஆக்சிடென்ட் கேஸ்ல வர்ற பணத்துல இத்தன பர்சன்ட்னு பேசக் கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல்லயே இருக்கு, இருந்தும் பேசறவங்க பேசிட்டுதான் இருக்காங்க. எங்க சீனியர் பேச மாட்டாரு. பழைய டைரில ஃபீஸ் இவ்ளோன்னு எழுதி பார்ட்டிகிட்ட, அதான் கேஸ் குடுக்கறவங்ககிட்ட, கையெழுத்து வாங்கிப்பாரு, அதுக்கப்புறம் பாதி பேர் முழுசா குடுக்கறதே இல்ல, அது வேற கதை.

ஒரு நாள் வியாசர்பாடிலேந்து ஒரு அம்மா வந்தாங்க, வீட்டுக்காரர் மணலி ரோட்ல லாரி மோதி போய்ட்டாரு. பழைய வக்கீல் 40,000 வச்சாதான் கேஸ் பேப்பரெல்லாம் இருக்கற கட்டைத் தருவேன், வேற வக்கீலுக்கு வக்காலத்து மாத்த நோ அப்ஜெக்‌ஷன் போடுவேன்னு சொல்லிட்டாராம். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், எஃப்ஐஆர், சம்பள சர்டிபிகேட் எல்லாம் அங்கதான். "இன்னா பண்றதுன்னே தெரில சார்"னு முந்தானைய கையில சுத்திக்கிட்டே நின்னாங்க. சீனியர் சொன்னது எனக்கு அன்னிக்குதான் தெரியும்: ஃபீஸ் பாக்கின்னு வக்கீல் கட்டைப் பிடிச்சு வைக்க முடியாதுன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அந்த கேஸ்ல ஒரு பேங்க் 97,000 சொச்சம் தரணும்னு ஃபைல வச்சிக்கிட்ட வக்கீலயே தப்புன்னுட்டாங்க. பாக்கி இருந்தா தனியா கேஸ் போட்டு வாங்கிக்கணும், அவ்ளோதான். நோ அப்ஜெக்‌ஷன் போடலன்னாலும் கோர்ட்ல பர்மிஷன் வாங்கி மாத்திக்கலாம். சாயங்காலம் டீக்கடைல அந்த வக்கீலப் பாத்து சீனியர் என்ன பேசினாரோ தெரியாது, மறுநாள் கட்டு வந்துருச்சு, கயிறு மட்டும் அறுந்து கிடந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு எங்க பார்ட்டி ஒருத்தர் வந்து வேற வக்கீல் வச்சிக்கறேன் சார், கட்டு வேணும்னாரு. எங்களுக்கு 18,000 பாக்கி. சீனியர் பேசவே இல்ல, கழுத்துல கட்டியிருந்த வக்கீல் வெள்ளைப் பட்டைய அவுத்து மடிச்சாரு, திரும்ப பிரிச்சாரு, திரும்ப மடிச்சாரு. அப்புறம் குமாஸ்தா அண்ணன்கிட்ட "எழுதி வாங்கிட்டு குடுத்துரு". அந்த 18,000 வரவே இல்ல. அந்த மாசம் என் 4000மும் வரல.

வாய்தா சலிச்சவன்:

நான் பார்ட்டி சைடு. செக் கேஸ், எக்மோர். ஒவ்வொரு தடவையும் ஜட்ஜ் லீவு சார், போய் பிரயோஜனம் இல்லன்னுவாரு எங்க வக்கீல். இ-கோர்ட்ஸ் ஆப்ல பாத்தா நம்ம சைடுதான் டைம் கேட்டு தள்ளிருக்கு. போன நீட்டினேன். கோவப்படுவாருன்னு பாத்தா, "ஆமா சார், அன்னிக்கு சிட்டி சிவில் கோர்ட்லயும் கேஸ், அனுப்ப ஆள் இல்ல, சொல்ல கூச்சமா இருந்துச்சு"ன்னாரு. பொய்தான், ஆனா மாத்தணும்னு தோணல. அதுக்கப்புறம் வர முடியாத நாள்ல முன்னாடியே மெசேஜ் போட்டுடறாரு.

மூணாவது மாடி ஜூனியர்:

அந்த ஆள் இல்லங்கறது எங்க தொழில்ல பாதி பொய்க்கு காரணம் சார். ஆள் வைக்கணும்னா காசு குடுக்கணும். 2024 ஜூன்ல நம்ம ஹைகோர்ட் சென்னை, மதுரை, கோவைல ஜூனியருக்கு மாசம் 20,000மாவது குடுக்கணும்னு சொல்லிச்சு. இப்ப நான் தனியா ஆபீஸ் வச்சிருக்கேன், பர்சன்ட் பேசறதில்ல, கட்டு கேட்டா அன்னிக்கே குடுத்துடறேன், அதுல எனக்கு கொஞ்சம் பெருமை கூட உண்டு. ஜூனியருக்கு குடுக்கறது 12,000. பையன் இதுவரைக்கும் ஒரு வார்த்த கேக்கல. ஏன் கேக்கலன்னு 4000க்கு வாயத் தொறக்காம இருந்த எனக்குத் தெரியாதா.