விடயம்: உச்சமா, பக்குவமா, பதமா?

அன்பின் ஐயாவுக்கும் தங்கைக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

விளையாட்டு வீரர் ஒருவர் போட்டி நாளன்று சரியாகத் தன் முழுத்திறனுக்கு வந்து சேர்வதை ஆங்கிலத்தில் ‘பீக்கிங்’ என்கிறார்கள். அதற்கு ஐயா ‘உச்சமெய்தல்’ என்றும் தங்கை ‘பக்குவமடைதல்’ என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் என் பயிற்றுநர் கையேட்டு வரைவில் இட்டு வாசித்துப் பார்த்தேன். இரண்டிலுமே பொருள் கொஞ்சம் நழுவுகிறது.

கையேட்டில் நான் எடுத்த உதாரணம், பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேற்றிங். (‘பனிச்சறுக்கு நடனம்’ என்று எழுதினால், அதற்குள்ளேயே ஐஸ் டான்ஸ் என்றொரு தனிப் பிரிவு இருப்பதால் குழப்பம் வரும். அதை வேறொரு மடலில் பேசுவோம்.) ஒக்ரோபரில் கிராண்ட் பிறீ போட்டித் தொடர் தொடங்கி மார்ச்சில் உலகப் போட்டியோடு பருவம் முடியும். அத்தனை மாத உழைப்பும் முதலில் ஆடும் குறுநிகழ்ச்சியின் 2 நிமிடம் 40 செக்கனிலும் அடுத்து ஆடும் நீள்நிகழ்ச்சியின் 4 நிமிடத்திலும் வந்து நிற்கிறது. ஒரு பாய்ச்சலில் ஆள் காற்றில் இருப்பது ஒரு செக்கனுக்கும் குறைவு.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் நேதன் சென் குறுநிகழ்ச்சியில் பாய்ச்சல்களைத் தவறவிட்டு 17ஆம் இடத்துக்குப் போனார். மறுநாள் நீள்நிகழ்ச்சியில் காற்றில் நான்கு முறை சுழலும் பாய்ச்சல்கள் ஆறு, 215.08 புள்ளி, அந்தப் பகுதியில் அவர்தான் முதல். மொத்தத்தில் 5ஆம் இடம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் யப்பானிய வீராங்கனை மாவோ அசாடாவும் அப்படித்தான்: முதல்நாள் 16ஆம் இடம், மறுநாள் 142.71 புள்ளி, முடிவில் 6ஆம் இடம். ஓர் இரவில் யாருக்கும் தசை கூடுவதில்லை. மாறியது மனந்தான் என்பது என் வாசிப்பு. ஆகவே நமது சொல் உடம்பை மட்டும் சொன்னால் போதாது.

‘உச்சம்’ உயரத்தைச் சொல்கிறது, நாளைச் சொல்லவில்லை. சென்னுக்கு அந்த உயரம் முதல்நாளும் இருந்தது. அதோடு ‘உச்ச இதயத்துடிப்பு’ என்ற தொடர் இதே கையேட்டில் வருகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு உச்சங்கள் முட்டிக்கொள்ளும். தங்கையின் ‘பக்குவம்’ மனதையும் சேர்த்துப் பிடிக்கிறது, அது எனக்கு நன்றாகப் பிடித்தது. ஆனால் பக்குவம் வந்தால் போகாது. நாம் சொல்லவரும் நிலையோ வந்தும் போய்விடும்.

அதனால்தான் ‘பதம்’ என்கிறேன். அம்மம்மா அரியதரத்துக்குச் சீனிப்பாகு காய்ச்சும்போது பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்திருப்பா. ஒரு சொட்டை அதில் விட்டு விரலால் கூட்டிப் பார்ப்பா. கரைந்தால் இன்னும் இல்லை. உருண்டு வந்தால் உடனே மாவைக் கொட்ட வேண்டும், ஆரும் கூப்பிட்டாலும் திரும்பமாட்டா. கொஞ்சம் பிந்தினாலும் பாகு முறுகிவிடும். காத்திருப்பு, சோதிப்பு, அந்த ஒரு கணம், தப்பிப்போகும் பயம் எல்லாமே ‘பதம்’ என்ற மூன்று எழுத்துச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

நான் வலைப்பந்து பழக்கிய பிள்ளைகள் ஒருமுறை போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே அருமையாக விளையாடினார்கள். பந்து கையில் ஒட்டினதுபோல இருந்தது. சந்தோசத்தில் நான் பயிற்சியை இன்னும் கூட்டினேன். போட்டியன்று கால்கள் பாரமாகி, கண்கள் எங்கேயோ அலைந்தன. அன்று மைதானத்தில் என் வாயில் வந்த சொல் ‘பதம் தப்பிப்போச்சு’. பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வினைவடிவம்தான் சிக்கல். ‘பதங்கூடல்’ ஓசைக்கு நல்லது, ஆனால் இரசாயனவியலில் ‘பதங்கமாதல்’ இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் திண்மம் வாயுவாவதை நினைப்பார்கள். ‘பதப்படுத்தல்’ உணவுத் தொழிலுக்கும் ‘பதனிடல்’ தோலுக்கும் போய்விட்டன. மிஞ்சுவது ‘பதமுறல்’. ‘பதம்’ என்றால் சொல் என்றும் பொருள் உண்டே என்று ஐயா கேட்பீர்கள். மைதானத்தில் அந்தப் பொருளில் அதை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதை ஏற்றால் ‘டேப்பரிங்’குக்கும் வழி பிறக்கிறது: ‘தணிப்பு’. போட்டிக்கு ஏறக்குறைய இரண்டு கிழமை இருக்கும்போது பயிற்சியின் அளவைக் குறைப்பார்கள், வேகத்தையும் கடுமையையும் குறைக்கமாட்டார்கள். அடுப்பை அணைப்பதில்லை, தணிக்கிறோம். பயிற்சிக் காலத்தை வட்டங்களாகப் பிரிக்கும் முறையை 1960களில் சோவியத் அறிஞர் மத்வேயேவ் வகுத்தார். அவற்றுக்குப் பெருவட்டம், இடைவட்டம், நுண்வட்டம் போதும், அதில் எனக்கு விவாதமில்லை.

வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘மார்ச் கடைசியில் நடக்கும் உலகப் போட்டிக்குப் பதமுற வேண்டிய வீராங்கனை, மார்ச் முதற் கிழமை முடிவில் தணிப்பைத் தொடங்குகிறார்.’ இந்த வசனத்தை உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, எங்கே தடக்குகிறது என்று எழுதுங்கள். வரைவை அச்சுக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து