அல்சூர் எலக்ட்ரானிக்ஸ் குழு: ஆறு சனிக்கிழமைக்கு என்னென்ன செய்யலாம்?

ஏரிக்கரை_குழு (கேள்வி)

வணக்கம். பெங்களூரு அல்சூர்ல எங்க தெரு ஆட்கள் சேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் எலக்ட்ரானிக்ஸ் பழக ஒரு குழு ஆரம்பிச்சிருக்கோம். 14 பேர். எட்டாவது படிக்கிற பசங்கள்ல இருந்து ரிட்டையர் ஆன பெரியவங்க வரைக்கும் உண்டு. நாலு பேருக்குத்தான் சால்டரிங் (ஈயத்தை உருக்கிப் பத்த வைக்கிறது) பழக்கம். வாரம் இரண்டரை மணி நேரம், ஆறு வாரம், கையில 9,000 ரூபாய். செஞ்சதை பெட்டியில போட்டு மூடாம தெருவுக்கே பயன்படணும்னு எல்லாருக்கும் ஆசை.

இப்போதைக்கு பேசி வெச்சிருக்கிறது மூணு: பொங்கல் வினாடி வினாவுக்கு பஸர், அபார்ட்மென்ட் டேங்க்ல தண்ணி அளவு காட்டுற கருவி, காத்துல தூசி அளக்குற கருவி. எதை முதல்ல எடுக்கலாம்? டேங்குக்கு அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அனுப்பி எதிரொலியை வெச்சு தூரம் அளக்குறது) போதுமா? மோட்டாரையும் அதுவே ஆன், ஆஃப் பண்ணுற மாதிரி செய்ய முடியுமா?

நாலு_புள்ளி_ஏழு_கே

பஸரை முதல்ல எடுங்க. ரெண்டு சனிக்கிழமையில முடியும், சின்னப் பசங்களும் பெரியவங்களும் ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கலாம். தப்பு நடந்தாலும் ஒரு எல்இடி எரியாது, அவ்வளவுதான்.

நாலு அணிக்கு: ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏத்தி ஓட்டுற சின்ன போர்டு) 1, பெரிய புஷ் பட்டன் 4, எல்இடி 4, 330 ஓம் ரெசிஸ்டர் 4, 4.7 கிலோ ஓம் 4, 100 நானோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் 4, சத்தம் போட 5 வோல்ட் ஆக்டிவ் பஸர் 1, அதை ஓட்ட பிசி547 டிரான்சிஸ்டர் ஒண்ணும் 1 கிலோ ஓம் ஒண்ணும். பட்டனோட ஒரு கால் கிரவுண்டுக்கு, இன்னொரு கால் பின்னுக்கு. யார் முதல்ல அழுத்தினாங்களோ அவங்க எல்இடி எரிஞ்சதும் மத்த பட்டன் எதுவும் வேலை செய்யக்கூடாது. நடுவர் ரீசெட் அழுத்துற வரை அப்படியே நிக்கணும்.

பட்டன்ல இருந்து மேஜை வரைக்கும் ஒயர் அஞ்சு, ஆறு மீட்டர் ஓடும். நானோவுக்குள்ள இருக்கிற புல்அப் (பட்டன் அழுத்தாதப்போ பின்னை 5 வோல்ட்டுல பிடிச்சு வெக்கிற ரெசிஸ்டர்) 20-ல இருந்து 50 கிலோ ஓம். அவ்வளவு நீள ஒயருக்கு அது ரொம்ப பலவீனம். பக்கத்துல ஃபேன் சுவிட்ச் போட்டாலே மூணாவது அணி அழுத்தின மாதிரி காட்டும். அதுக்குத்தான் வெளியில இருந்து 4.7 கிலோ ஓம் புல்அப், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 100 நானோஃபாரட். ரெண்டும் நானோ பக்கத்துலயே இருக்கணும், பட்டன் பக்கம் வெச்சா பிரயோஜனம் இல்லை.

புரோகிராம்ல இன்னொரு வில்லங்கம். திரும்பத் திரும்ப ஓடுற லூப்புக்குள்ள எங்கேயாவது டிலே 50 (50 மில்லிசெகண்ட் காத்திருன்னு சொல்ற கட்டளை) போட்டுட்டா, அந்த 50 மில்லிசெகண்டுக்குள்ள ரெண்டு பேர் அழுத்தினா யார் பின்னை முதல்ல படிக்குதோ அவங்கதான் ஜெயிப்பாங்க. முதல் அணிக்கு எப்பவும் சாதகம். டிலேயே இல்லாம படிச்சா வித்தியாசம் மைக்ரோசெகண்டுல நிக்கும், யாருக்கும் அநியாயம் இல்லை.

நானோவுல புரோகிராம் ஏறலைன்னா உடனே போர்டை சந்தேகப்படாதீங்க. முதல்ல கேபிளை மாத்துங்க, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்ல டேட்டா ஒயரே இருக்காது. அப்புறம் கம்ப்யூட்டர்ல சிஎச்340 டிரைவர் (நானோவோட யுஎஸ்பி சிப்புக்கான மென்பொருள்) இருக்கான்னு பாருங்க. அதுவும் சரின்னா ஆர்டுயினோ மென்பொருள்ல புராசஸர் மெனுவுல ஓல்டு பூட்லோடர் தேர்ந்தெடுங்க.

நீளமான பிரெட்போர்டுல (சால்டர் பண்ணாம ஒயரைச் செருகிப் பழகுற போர்டு) ஓரத்துல போற சிவப்பு, நீல கோடு சிலதுல நடுவுல அறுந்திருக்கும். அங்க பவர் ரெயிலும் உள்ளுக்குள்ள அறுந்ததுதான். பாதி சர்க்யூட்டுக்கு மேல கரண்ட் வராம குழம்பிப் போவாங்க. முதல் நாளே எல்லா போர்டுலயும் ஒரு ஜம்பர் போட்டு இணைச்சிடுங்க.

சம்ப்_டு_டெரஸ்

டேங்குக்கு அல்ட்ராசோனிக் வேண்டாம். எச்சி-எஸ்ஆர்04 திறந்த சென்சார், மூடின டேங்க்குள்ள ஆவி படிஞ்சு சீக்கிரமே கெட்டுடும். வாட்டர்புரூஃப்னு விக்கிற ஜேஎஸ்என் வகையில முதல் 20, 25 சென்டிமீட்டர் குருட்டு இடம். டேங்க் நிரம்பி வழியப் போற நேரத்துலதான் நமக்கு அளவு வேணும், அந்த நேரத்துல பார்த்து அது உளறும். தண்ணி விழுற பைப்பும் பக்கச் சுவரும் எதிரொலி கொடுத்து இன்னும் குழப்பும்.

தண்ணியில வெறும் ஒயரை விட்டு அளக்குறதும் வேண்டாம். டிசி ஓடிக்கிட்டே இருந்தா பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைஞ்சு தண்ணியில கலக்கும். போர் தண்ணியா இருந்தா மேல உப்பும் படியும்.

ரீட் சுவிட்ச் (பக்கத்துல காந்தம் வந்தா இணையுற சுவிட்ச்) வெச்ச மேக்னெட் ஃப்ளோட், அதாவது மிதவை, நாலு வாங்குங்க, நிக்க வெச்சு மாட்டுற வகை. அரை இன்ச் பிவிசி பைப்புல கால், அரை, முக்கால், முழுசுன்னு நாலு உயரத்துல கட்டி மூடியில இருந்து தொங்க விடுங்க. மிதவை மேல வந்தா சுவிட்ச் இணையணும். தலைகீழா வேலை செஞ்சா அடியில இருக்கிற கிளிப்பைக் கழட்டி மிதவையைத் திருப்பிப் போட்டா சரியாயிடும்.

இதுக்கு அஞ்சு ஒயர் இழுக்கத் தேவையில்லை, ரெண்டே போதும். நாலு 1 கிலோ ஓம், ஒரு 470 ஓம், அஞ்சையும் வரிசையா ஒரே கோடா சேருங்க. ஒவ்வொரு 1 கிலோ ஓமுக்கும் குறுக்கே ஒரு ஃப்ளோட். மிதவை ஏறினா அந்த ரெசிஸ்டர் ஷார்ட் ஆகும். கீழ நானோ பக்கம் 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் புல்அப். அனலாக் பின் வோல்ட்டேஜை 0-ல இருந்து 1023 வரை ஒரு எண்ணாப் படிக்கும், கிட்டத்தட்ட இப்படி வரும்: காலி 686, கால் 626, அரை 541, முக்கால் 410, முழுசு 180. ஒயர் அறுந்தா 1023, ஒயர் ஷார்ட்னா பூஜ்யம். அந்த 470 ஓமை விட்டுட்டா, எலி கடிச்சு ஷார்ட் ஆன ஒயரும் நிரம்பின டேங்கும் ஒரே மாதிரி தெரியும். சின்ன ரெசிஸ்டர்தானேன்னு விட்டுடாதீங்க.

மொட்டை மாடியில இருந்து தரைக்கு 20 மீட்டர் நெட்வொர்க் கேபிள் தாராளம். போக வர சேர்த்தும் அதோட ரெசிஸ்டன்ஸ் நாலு ஓம் பக்கம்தான், கணக்குக்கே வராது. அனலாக் பின்னுக்கு முன்னாடி தொடரா 10 கிலோ ஓம், பின்ல இருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் போடுங்க. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது எண் துள்ளாது.

ரெசிஸ்டர் எல்லாம் மூடிக்கு வெளியில ஒரு ஜங்ஷன் பாக்ஸ்ல இருக்கட்டும், தண்ணிக்குள்ள ஃப்ளோட்டும் அதோட ஒயரும் மட்டும். பாக்ஸை அடைக்க சிலிகான் வாங்கும்போது கவனம்: வினிகர் வாடை அடிக்கிற வகை ஆறும்போது அசிட்டிக் ஆசிட் விடும். மூணே மாசத்துல சால்டர் வெச்ச செம்பு பச்சையாப் பூத்து நிக்கும். நியூட்ரல் கியூர்னு டியூப்ல போட்டிருக்கிறதைக் கேட்டு வாங்குங்க.

ஏரிக்கரை_குழு

ரெண்டு பேருக்கும் நன்றி. ரெண்டு ஒயர் யோசனை எங்களுக்கு நல்லாவே ஒத்துவரும். அப்படியே ஒரு ரிலே மாட்யூல் (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன், ஆஃப் பண்ணுற சுவிட்ச்) சேர்த்து மோட்டாரை ஓட்டினா என்ன?

சம்ப்_டு_டெரஸ்

வேண்டாம். ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போதே 5, 6 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போல பல மடங்கு. நீலப் பெட்டி ரிலேல 10 ஆம்பியர்னு போட்டிருந்தாலும் ஸ்டார்ட் ஆகும்போது வர்ற இந்த கரண்ட்ல உள்ள இருக்கிற காண்டாக்ட் உருகி ஒட்டிக்கும். புரோகிராம் ஆஃப் சொன்னாலும் மோட்டார் நிக்காது. சம்ப் (தரைக்குக் கீழ இருக்கிற தொட்டி) வத்திப் போனா தண்ணியில்லாம ஓடி பம்ப் சீல் போகும். இதுக்கு கான்டாக்டரும் (மோட்டாருக்கான பெரிய ரிலே) ஓவர்லோடும் (கரண்ட் அதிகமானா துண்டிக்கிறது) வேணும், அதை எலக்ட்ரீஷியன் மாட்டணும். ஃப்ளோட்டுக்குள்ள இருக்கிற ரீட் சுவிட்ச் அரை ஆம்பியர் கூட சரியாத் தாங்காது, அதை நேரா மோட்டாருக்குக் கொடுக்கவே கூடாது.

உங்க கருவி பஸர் அடிக்கிறதோட நிக்கட்டும். செக்யூரிட்டி அண்ணன் சத்தம் கேட்டு சுவிட்சை அணைப்பார். எட்டாவது படிக்கிற பசங்க இருக்கிற மேஜையில 230 வோல்ட் ஒயர் திறந்து கிடக்கவே கூடாது.

தூசி_மீட்டர்

தூசி கருவியை கடைசி வாரத்துக்கு வைங்க, ஒண்ணே ஒண்ணு செஞ்சா போதும். இதுல சென்சார்தான் செலவு. எஸ்டிஎஸ்011 (லேசர் வெச்சு தூசி அளக்குற சென்சார்) எடுத்தா லேசர் ஆயுள் 8,000 மணி நேரம்னு கணக்கு. விடாம ஓட்டினா ஒரு வருஷம் கூட வராது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பி, 30 செகண்ட் ஃபேன் ஓடவிட்டு, அளந்துட்டு தூங்க வைங்க.

மழை நாள்ல ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல போச்சுன்னா தூசித் துகள் தண்ணியை உறிஞ்சி ஊதிடும், எண்ணும் ஏறும். அதனால பக்கத்துல ஈரப்பதம் அளக்குற சென்சாரும் அவசியம், ரெண்டு எண்ணையும் சேர்த்தே எழுதி வைங்க. நம்ம நாட்டு விதிப்படி பிஎம் 2.5-க்கு (2.5 மைக்ரோமீட்டரும் அதுக்குக் கீழயும் இருக்கிற நுண் தூசி) 24 மணி நேர சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஒரு நிமிஷத்துல 90 காட்டுறதைப் பார்த்து அதோட ஒப்பிட்டு வாட்ஸ்அப்ல பீதி கிளப்ப வேண்டாம், ஒரு நாள் சராசரியை மட்டும் போடுங்க.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரிச்சு 18650 லித்தியம் செல் எடுக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. இந்தக் குழுவுக்கு அது கூடாது. பழைய மொபைல் சார்ஜர் 5 வோல்ட் போதும்.

நாலு_புள்ளி_ஏழு_கே

சாமானுக்கு எஸ்.பி. ரோடு (எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெரு) போறதுன்னா வார நாள்லயே போங்க, ஞாயிறு பெரும்பாலான கடை மூடியிருக்கும். ரெசிஸ்டர் ஒவ்வொரு மதிப்புலயும் நூறு நூறா வாங்கினா விலை ரொம்பக் குறைவு. மல்டிமீட்டரைக் கையோட கொண்டு போய், ஃப்ளோட் ஒவ்வொண்ணையும் கடையிலயே மேல கீழ ஆட்டி கன்டினியூட்டி (சுவிட்ச் இணையுதா) பார்த்து வாங்குங்க. நாலு வேணும்னா ஆறா எடுங்க.

25 வாட் சால்டரிங் அயர்ன் நாலு, 60/40 சால்டர் கம்பி 0.8 மில்லிமீட்டர். பிளக் பாயின்ட் குறைவா இருந்தா நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு. இது ஈயம் கலந்த சால்டர். பிஸ்கட், டீ எல்லாம் வேற மேஜையில வைங்க, பசங்க எழுந்து போகும்போது சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் போகணும்.