கோர்ட் சொன்ன பிறகு எதற்கு போலீஸ்? மகள் கேட்ட கேள்வி

பெரம்பூர்_அப்பா:
வணக்கம். பெரம்பூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகள் ஏழாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு ரூபி பிரிட்ஜஸ் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. 1960 நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்கு மார்ஷல்கள் (மத்திய அரசுக் காவலர்கள்) காவலோடு போனாள். அதுவரை சரி. ஆனால் மிஸ் கொடுத்த தாளில், நிறம் பார்த்துப் பள்ளியைப் பிரிப்பது செல்லாது என்று 1954லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாகவும் இருக்கிறது. "ஆறு வருஷம் முன்னாடியே ஜட்ஜ் சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்குப்பா போலீஸ்?" என்கிறாள். கல்லாவில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், பதில் வரவில்லை. ஐந்து நிமிடப் பேச்சு. வெள்ளிக்கிழமை போட்டி. யாராவது சொல்லுங்கள்.

ஹைகோர்ட்_வராண்டா:
சார், நான் வக்கீல் குமாஸ்தா. டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) கையில் இருந்தும் அதை நிறைவேற்ற இன்னொரு மனு போட்டு வருடக்கணக்கில் அலைகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அங்கேயும் அதே கதைதான். 1954 மே 17, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். எப்போது, எப்படி என்று சொல்லவில்லை. 1955இல் வந்த இரண்டாவது உத்தரவிலும் தேதி இல்லை, 'ஆலோசித்து, ஆனால் வேகமாக' என்கிற மாதிரி ஒரு வழவழ வாசகம். வாய்தா வாங்குகிறவனுக்கு அது போதாதா? தென் மாநிலங்கள் புதுச் சட்டம் போட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக மனு போட வேண்டும், நிறத்தைத் தவிர வேறு ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிவிடலாம். பத்து வருடம் ஆகியும், அந்தப் பகுதியில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான். பாகுபாடு காட்டினால் மத்திய அரசுப் பணம் கிடையாது என்று 1964 சட்டம் சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்தது.

சாக்பீஸ்:
தம்பி, கார்ப்பரேஷன் பள்ளியில் 31 வருடம் பாடம் எடுத்தவள் நான். குமாஸ்தா சார் சொன்னது சரிதான், ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு சட்டம் எங்கே மனதில் நிற்கும்? பார்பரா ஜான்ஸ் கதையைச் சொல்லிக் கொடுங்கள்.

வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்ற சின்ன ஊர். 180 பேருக்குக் கட்டிய கறுப்பினப் பிள்ளைகள் பள்ளியில் 450க்கும் மேல் பிள்ளைகள். இடம் போதாமல் தார்க் காகிதம் அடித்த கொட்டகை போட்டு வைத்திருந்தார்கள். மழை வந்தால் உள்ளேயே குடை பிடித்துக்கொண்டு பாடம். 1951 ஏப்ரல் 23. பார்பராவுக்குப் பதினாறு வயது. "உங்கள் பள்ளிப் பிள்ளைகள் பஸ் நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டார்கள்" என்று ஹெட்மாஸ்டருக்குப் பொய்யாக ஒரு போன். அவர் கிளம்பியதும் எல்லோரையும் அரங்கில் கூட்டி, ஸ்டிரைக் என்று அறிவித்துவிட்டாள்! (என் வகுப்பில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் முதலில் திட்டியிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.) நல்ல கட்டடம் வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. அவர்களுக்கு உதவ வந்த வக்கீல்கள், நிறம் பார்த்துப் பிரிப்பதையே எதிர்ப்பதானால் வழக்கு நடத்துகிறோம் என்றார்கள். 1954 தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் அது ஒன்று.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. சேர்த்து நடத்த மாட்டோம் என்று 1959இல் அந்த மாவட்டம் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலரை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள், சிலர் சர்ச்சில் உட்கார்ந்து படித்தார்கள், பலர் படிக்கவே இல்லை. அரசுப் பள்ளி திறந்தது 1964இல்தான். ஐந்து வருடம். ஒன்றாம் வகுப்புக்குக் காத்திருந்த பிள்ளை பத்து பதினொரு வயதில் அ, ஆ தொடங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கேட்டவர்களுக்குப் பிழைப்பும் போனது. தென் கரோலினாவில் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிப் பேருந்து கேட்டதில் தொடங்கிய வழக்கில் கையெழுத்துப் போட்ட பிரிக்ஸ் தம்பதி, இரண்டு பேருமே வேலை இழந்தார்கள். ரூபியின் அப்பாவுக்கும் பெட்ரோல் பங்க் வேலை போயிற்று.

என் பழைய மாணவி ஒருத்தி பூ கட்டி விற்கிறாள். அவள் பையனுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளை எல்லாம் ஒரே செக்‌ஷனில் போட்டிருந்தார்கள், சுற்றுலா நோட்டீஸ் அந்த செக்‌ஷனுக்கு மட்டும் வரவில்லை. போய்க் கேள் என்றேன். "கேட்டா பையன் மேல காட்டுவாங்க டீச்சர்" என்றாள். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஊரூர்_ஆல்காட்:
டீச்சர் மேல் மரியாதை உண்டு, ஆனால் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டுமா? அங்கே பிரித்து வைப்பதே எழுதி வைத்த சட்டம். இங்கே சட்டம் அதைச் செய்யவில்லை, ஊர் செய்தது. ஒட்டத்தான் வேண்டுமானால் என் நடைப்பாதையிலேயே ஒன்று இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த கர்னல் ஆல்காட், 1894இல் அடையாறில் பஞ்சமர் (தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கியவர்கள்) பிள்ளைகளுக்காகத் தனிப் பள்ளி திறந்தார். மற்ற இடங்களில் சேர்க்காததால் தனிப் பள்ளி. இன்னொன்று, அமெரிக்காவில் பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வீட்டுக்குப் போனார்கள். பேச்சில் அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

சாக்பீஸ்:
ஒட்டவில்லை தம்பி, ஞாபகம் வந்தது, சொன்னேன். ஆசிரியர்கள் விஷயம் நீங்கள் சொன்னது நியாயம், நான் விட்டுவிட்டேன்.

பெரம்பூர்_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து படித்துக் காட்டினேன். ரூபியிடம் தொடங்கி பார்பராவிடம் போகிறாளாம். மேடையில் குடை விரித்து நிற்கலாமா என்று மிஸ்ஸிடம் கேட்கப் போகிறாள். பேசச் சொல்லி போனில் நேரம் பார்த்தேன், ஆறு நிமிடம் இருபது வினாடி. வாய்தா பகுதியை வெட்டிவிடலாம் என்கிறாள். ஹைகோர்ட் சார் மன்னிக்க வேண்டும்.