பொருள்: ‘பிளாக் மெட்டல்’ – தமிழ்ச்சொல் நாளை காலைக்குள் வேண்டும்

அன்புடையீர்,
நார்வேயின் உல்வர் இசைக்குழு 1995இல் வெளியிட்ட முதல் தொகுப்பான ‘பெர்க்டாட்’ பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். பிளாக் மெட்டல் என்னும் முரட்டு ராக் இசைவகையும் நாட்டார் இசையும் கலந்தது. கிட்டார் இரைச்சலும் அலறலும் ஓய்ந்த இடத்தில் புல்லாங்குழல் எழுகிறது. ஒரு பாட்டின் நடுவே காட்டில் யாரோ ஓடும் காலடியோசை. இதற்குக் ‘கறுப்பு உலோகம்’ என்று எழுதினால் பாத்திரக்கடை நினைவுதான் வருகிறது.
– மீ.

அம்மா,
புதிதாக ஆக்க வேண்டாம், இருக்கிறது: கரும்பொன். பழந்தமிழில் பொன் உலோகத்துக்கே பொதுப்பெயர். வெண்பொன் வெள்ளி, கரும்பொன் இரும்பு. ஆகவே கரும்பொன்னிசை.
– பு.

ஐயா, இன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பாதிப்பேர் நகைக்கடை என்றார்கள். ஒருவன் கரும்பு என்பதோடு நிறுத்திவிட்டான்.
– இரா.

பொன் குழப்பும் என்றால் உலோகத்துக்கு மாழை என்ற சொல்லும் இருக்கிறதே! உலோகம் வடசொல். கருமாழை எனலாம்.
– தே.

தேவாரத்தில் ‘மாழை ஒண்கண்’ பெண்ணின் கண். கருமாழை என்றால் கண்மை விளம்பரம் என்பார்கள்.
– இரா.

கொல் என்றால் இரும்புத்தொழில், அதனால்தான் கொல்லன். கொல்லி ஒரு பண்ணின் பெயருமாகும். சிரித்து மயக்கிக் கொல்லும் பாவை நிற்பதும் கொல்லிமலையில். உல்வரின் ஐந்து பாட்டுக் கதையிலும் ஒரு பெண்ணை மலைவாழ் அணங்குகள் மயக்கி உள்ளே கொண்டுபோகின்றன. இரும்பு, பண், மலை மூன்றும் ஒரே சொல்லில்! கார்க்கொல்லி என்க.
– பு.

கொல்லி என்றதும் எனக்குப் பூச்சிமருந்துதான் நினைவுக்கு வருகிறது. தவிர, பண்ணின் பெயரை இரவல் வாங்கினால் ஓதுவார்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பிளாக் மெட்டல் என்பதே இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் தன் தொகுப்புக்கு இட்ட பெயர். பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா? அப்படியே விடுங்கள்.
– இரா.

வழிமொழிகிறேன். மணி பதினொன்று.
– கோ.

அனைவருக்கும் நன்றி. பிளாக் மெட்டல் என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் கரும்பொனிசை. தலைப்பை ‘மலை கொண்ட பெண்’ ஆக்கியிருக்கிறேன். ‘அணங்குற்றவள்’ என்று பு. ஐயா தனிமடலில் சொன்னது அழகுதான், ஆனால் அதில் மலை இல்லை.
– மீ.

அம்மா, சூரும் அணங்கும் மலையில்தான் உறையும். தனியாக மலை எதற்கு? அது போகட்டும். கரும்பொன்னிசையில் னகரம் இரட்டிக்க வேண்டும். ஐம்பொன்னாலான சிலை என்றுதானே எழுதுகிறோம்? அச்சகத்தில் சொல்லித் திருத்த முடியுமா?
– பு.