பாரிஸ் 13-இல் ஒரு கிண்ணம் ஃபோ

பாரிஸில் குறைந்த செலவில் வயிறு நிறையச் சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்பவர்களை நான் 13-ஆம் வட்டாரத்துக்குத்தான் அனுப்புவேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் இருப்பவர்கள் கார் து லெஸ்ட் ரயில் நிலையம் போய், மெட்ரோ 7-ஆம் தடம் பிடித்து போர்த் து ஷுவாசியில் இறங்கினால் போதும். 1975-க்குப் பிறகு வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் அங்கிருந்த உயரமான அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நடத்தும் கடைகள்தான் அந்தப் பகுதி முழுக்க.

நான் வழக்கமாகப் போகும் கடையில் அலங்காரம் எதுவும் கிடையாது. மதிய நேரத்தில் தனியாகப் போனால் யாருடனாவது மேசையைப் பகிர வேண்டியிருக்கும். பரிமாறும் அம்மா சிரிக்க மாட்டார், நின்று பேசவும் மாட்டார். ஆனால் சொல்லி ஐந்து நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் அதுதான் உண்மையான உபசாரம் என்பேன்.

ஃபோ என்பது வியட்நாமிய நூடுல்ஸ் சூப்; அதன் உயிர் சாற்றில் இருக்கிறது. மாட்டெலும்பை மணிக்கணக்கில் சிறுதீயில் கொதிக்க விடுவார்கள். சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு எல்லாம் அதில் இறங்கும். நம் பிரியாணி மசாலாவின் பாதி உள்ளே இருந்தும் காரம் இருக்காது. பச்சையாக மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி, கொதிக்கும் சாறு பட்டு கிண்ணத்திலேயே வேகும். கூடவே ஒரு தட்டில் முளைப்பயறு, துளசி வகை இலைகள், எலுமிச்சை, மிளகாய்.

ஒருமுறை அந்த இலைகளை நான் ஓரமாக வைத்துவிட்டு நூடுல்ஸில் கை வைத்தேன். எதிரே இருந்த பெரியவர், "தம்பி, சூடு ஆறுறதுக்குள்ள இலையைக் கிள்ளிப் போடு" என்றார், நல்ல தமிழில். அப்புறம் திரும்பிப் பரிமாறும் அம்மாவிடம் வியட்நாமிய மொழியில் ஏதோ சொன்னார். நான் அங்கே பார்த்த வரையில், அந்த அம்மா சிரித்தது அன்று மட்டும்தான்.

பெரியவரின் குடும்பம் காரைக்கால். அப்பா பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வியட்நாமின் சைகோன் நகரில் உத்தியோகம் பார்த்தவர். இவர் பிறந்ததே அங்கேதான். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் நிறைய. அங்கே அவர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது. இப்போது வியட்நாமியர்களே திரளாக வருகிறார்கள். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவில் தோற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் புதுச்சேரி நிர்வாகமும் கைமாறியது. "எங்களுக்கு ரெண்டு ஊரும் ஒரே வருஷத்துல கைவிட்டுப் போச்சுய்யா" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? அவர் கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். இந்தச் சுவை தன் அம்மா கையில் சாப்பிட்டது என்றார். மலிவு என்று மட்டும் நினைத்துப் போய்க்கொண்டிருந்த கடை அன்றிலிருந்து எனக்கு மதிப்புக்குரிய இடமாகிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், இல்லையென்றால் வாசலில் வரிசை. கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். காரம் வேண்டுமென்றால் எலுமிச்சைப்புல் மணக்கும் பூன் போ ஹுவே என்ற நூடுல்ஸ் சூப்பைக் கேளுங்கள். அதில் பன்றி இறைச்சியும் இருக்கும் என்பதால் சாப்பிடாதவர்கள் ஃபோவோடு நிற்கலாம். சைவக்காரர்கள் "சாய்" (வியட்நாமிய மொழியில் சைவம்) என்று சொல்லிக் கேட்பது முக்கியம். தோஃபு போட்ட உணவு என்றாலும் மீன் சாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.