லோடு பேலன்சரில் எஸ்எஸ்எல் போட்ட அனுபவம்: உங்களுக்கு எங்கே இடித்தது?

வைகைக்கரை
இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு துணிக்கடையின் ஆன்லைன் தளம், ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய இரவு. முன்னால் எச்ஏபிராக்ஸி (வருகிற கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோடு பேலன்சர்), பின்னால் மூன்று ஆப் சர்வர்கள். எஸ்எஸ்எல் பூட்டைப் பேலன்சரிலேயே அவிழ்த்துவிட்டு உள்ளே 8080 போர்ட்டுக்குப் பூட்டில்லாத வெறும் எச்டிடிபி. எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 போர்ட்டைத் திறந்ததும் 'டூ மெனி ரீடைரெக்ட்ஸ்'.

லாக்கைத் திறந்தால் ஒரே ஐபி, ஒரே முகப்புப் பக்கம், 301 ('வேறு முகவரிக்குப் போ' என்கிற பதில்), 301, 301. இருபது வரி ஓடி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே ஐபியிலிருந்து இன்னும் இருபது. குரோம் இருபது முறை அலைந்துவிட்டுக் கைவிட்டுவிடும், அந்தக் கணக்குத்தான். அடுத்த நிமிடம் கடை முதலாளியிடமிருந்து போன்: "தம்பி, கடையைத் திறந்துட்டீங்களா? நானும் திறந்து திறந்து பார்க்கிறேன்." அந்த ஐபி அவருடையதுதான்.

ஆப்புக்கு வருவதெல்லாம் எச்டிடிபி. அது 'எச்டிடிபிஎஸ்ஸில் வா' என்று திருப்பி அனுப்புகிறது. திரும்ப வந்தாலும் பேலன்சர் அவிழ்த்து எச்டிடிபியாகத்தான் கொடுக்கிறது. வந்தவர் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வந்தார் என்று ஆப்புக்குச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ என்று ஒரு ஹெடர், அதை நம்பும்படி ஆப்பில் ஒரு செட்டிங், அவ்வளவுதான் தேவைப்பட்டது. கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். அந்த மனிதர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மலைக்கோட்டை
எனக்கு இடித்தது இடைச் சான்றிதழ், அதாவது தளத்தின் சான்றிதழைப் பிரௌசர் நம்பும் மூலச் சான்றிதழோடு இணைப்பது. ஒரு கிளினிக்கின் டோக்கன் ஆப். என் லேப்டாப்பில் பூட்டு அடையாளம் சரியாக வந்தது, ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலும் வந்தது. ஆண்ட்ராய்டு ஆப்பில் மட்டும் இணைப்பே கிடைக்கவில்லை. தோளில் காய்ச்சல் பிள்ளையோடு ஒரு அம்மா கவுண்டருக்கு வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "காலையிலேர்ந்து இதையேதான் அமுக்கிட்டிருக்கேன் சார்."

சான்றிதழ்களை வைக்கும் பெம் ஃபைலைத் திறந்து 'பிகின் சர்ட்டிஃபிகேட்' வரிகளை எண்ணினேன். ஒன்றுதான் இருந்தது, இரண்டு இருக்க வேண்டும். தளத்தின் சான்றிதழையும் கீயையும் ஒட்டியவன் நடுவில் இருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். டெஸ்க்டாப் பிரௌசர்கள் பல, விட்டுப்போனதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் முன்பே கையில் வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு ஆப் அப்படிச் செய்யாது. அன்றிலிருந்து பூட்டு அடையாளத்தைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

கொங்குநாடன்
வைகைக்கரை, ஹெடர் போட்டதோடு வேலை முடிந்தது என்று எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. புதிதாகப் படிக்கிறவர்கள் அப்படியே செய்துவிடுவார்கள். அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்தே எழுதி அனுப்பலாம். அதனால் பேலன்சரில் ஆட்-ஹெடர் கூடாது, செட்-ஹெடர்தான் வேண்டும். வந்ததை அழித்துவிட்டு நம்முடையதை எழுத வேண்டும். 80 போர்ட்டில் எச்டிடிபியை வாங்கும் ஃப்ரண்ட்எண்டிலும் மறக்காமல் அந்த ஹெடரில் எச்டிடிபி என்றே எழுதுங்கள். 8080 வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடிகிற மாதிரி இருந்தால் இத்தனையும் வீண், ஃபயர்வாலில் பேலன்சரின் ஐபியை மட்டும் விடுங்கள்.

அப்புறம், உள்ளே வெறும் எச்டிடிபி எதற்கு? பின்னால் இருக்கும் பேக்எண்டு சர்வர்களுக்கும் டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) போடுங்கள். போடும்போது 'வெரிஃபை நன்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். எதிரே இருப்பது யார் என்று பார்க்காமல் பூட்டுவதில் பாதிப் பயன் போய்விடுகிறது. உள் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) ஒன்று உருவாக்கி 'வெரிஃபை ரெக்வயர்டு' வையுங்கள். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021லேயே இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் முறையாகக் கைவிட்டுவிட்டது. குறைந்தபட்சம் 1.2 என்று கட்டாயம் எழுதுங்கள்.

என் அனுபவம் என்றால், அந்த 'வெரிஃபை நன்'னை எழுதியவன் நானே. ஆடிட்டர் அந்த வரியில் விரலை வைத்து "இது என்ன சார்?" என்றபோது பதில் இல்லை.

வைகைக்கரை
8080 அன்றைக்கே மூடித்தான் இருந்தது அண்ணா, தனி விலானுக்குள் (பிரித்துவைத்த உள் நெட்வொர்க்). செட்-ஹெடர்தான் போட்டேன், எழுத விட்டுப்போனது. உள்ளே டிஎல்எஸ் வேண்டும் என்பது சரி. ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு விற்பனை தொடங்குகிற இரவில் சிஏ உருவாக்க உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பழவேற்காடு
எங்களிடம் இரண்டு பேலன்சர்கள், ஒரு மிதக்கும் ஐபி, ஒரு பெட்டி விழுந்தால் அந்த ஐபியை மற்றதற்கு மாற்ற கீப்அலைவ்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ், 90 நாள் ஆயுள். முதல் பெட்டியில் செர்ட்பாட் என்கிற நிரல் அதைத் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. இரண்டாவதற்கு முதல் நாளில் ஒருமுறை காப்பி செய்ததோடு சரி.

நான்கு மாதம் கழித்து, கெர்னல் அப்டேட்டுக்காக முதல் பெட்டியை ரீபூட் செய்தேன். மூன்றே வினாடியில் ஐபி இரண்டாவதற்குத் தாவியது. பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் திரையைத் திருப்பினார்: சான்றிதழ் காலாவதியாகி ஐந்து வாரம். 'பரவாயில்லை, உள்ளே போ' என்கிற வழியும் பக்கத்தில் இல்லை. எச்எஸ்டிஎஸ் ('எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா' என்று பிரௌசருக்குச் சொல்லும் ஹெடர்) போட்டிருந்தால் பிரௌசர் அதைக் காட்டாது. ஒரு வருடத்துக்கு, 31536000 வினாடி என்று, நானே போட்டது. முதல் பெட்டி எழுந்துவர நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் மானிட்டரிங் மிதக்கும் ஐபியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு பெட்டியின் சொந்த ஐபிக்கும் தனித்தனியாக ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்-கிளையண்ட் கட்டளையை, சர்வர்நேமோடு (தளத்தின் பெயரோடு) ஓட்டிச் சான்றிதழைப் பார்க்கிறோம். புதுப்பித்ததும் காப்பி, அடுத்து இரண்டிலும் ரீலோடு. டிஸ்க்கில் புது ஃபைல் இருந்தால் போதாது, ரீலோடு செய்யும்வரை எச்ஏபிராக்ஸி பழையதைத்தான் நீட்டும். 2029 மார்ச் 15 முதல் சான்றிதழ்களுக்கு அதிகபட்ச ஆயுளே 47 நாள்தான். கையால் காப்பி செய்கிறவர்கள் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மலைக்கோட்டை
பழவேற்காடு, இதைப் படித்ததும் எங்கள் இரண்டாவது பெட்டிக்குள் போய்ப் பார்த்தேன். இன்னும் 11 நாள் இருந்தது. காப்பி செய்து ரீலோடு கொடுத்துவிட்டேன். இந்தமுறை 'பிகின்' வரி இரண்டு இருக்கிறது, எண்ணிவிட்டேன்.