இங்கிலாந்து சபையில் பிள்ளைகளுக்கு உறுப்பினர் உரிமையும் ஓட்டும் எந்த வயசிலிருந்து?

தாமிரபரணிக்கரை:

ஸ்தோத்திரம். நாங்க திருநெல்வேலி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். இப்போ லண்டனில் சர்ச் ஆஃப் இங்கிலாந்து சபை ஒன்றுக்கு ரெண்டு வருஷமாகப் போகிறோம். வீடு அந்தப் பாரிஷ் (சபை வட்டாரம்) எல்லைக்கு வெளியே. சபையின் வருடாந்திரக் கூட்டம் 2026 ஏப்ரல் 26, ஞாயிறு.

மூத்தவனுக்கு ஏப்ரல் 20-ல் 16 வயசு நிறையும். சி.எஸ்.ஐ.-ல் குழந்தை ஞானஸ்நானம் ஆனது, திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் ஆராதனை) இன்னும் ஆகவில்லை. அவன் ஓட்டுப் போடலாமா? பி.சி.சி.க்கு (நம்ம ஊர் சேகரக் கமிட்டி மாதிரி) நிற்கலாமா? சந்தா ஏதாவது கட்டணுமா?

சின்னவளுக்கு 11. அவள் பிறந்தபோது ஒரு சுயாதீன சபையில் இருந்தோம், பிரதிஷ்டை ஜெபம் (குழந்தையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் ஜெபம்) மட்டும் நடந்தது. திருவிருந்து (நற்கருணை) எடுக்க ஆசைப்படுகிறாள். வழி உண்டா?

பட்டியல்_செயலர்:

பிரதர், பையன் விஷயத்தை முதலில் பார்ப்போம். தேதி நெருக்கமாக இருக்கிறது.

அங்கே ஓட்டுரிமை எலக்டோரல் ரோல் என்ற வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதைப் பொறுத்தது. பெயர் சேர ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும், 16 வயது ஆகியிருக்க வேண்டும், குருவானவராக இருக்கக் கூடாது, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். திடப்படுத்தல் இதற்குத் தேவையில்லை. சி.எஸ்.ஐ., சர்ச் ஆஃப் இங்கிலாந்தோடு முழு ஐக்கியத்தில் இருக்கும் திருச்சபை என்பதால் உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழில் சிக்கல் வராது. எல்லைக்கு வெளியே குடியிருப்பவர்கள் கடந்த ஆறு மாதம் வழக்கமாக அந்தச் சபையில் ஆராதித்து வந்திருக்க வேண்டும். அதற்கான வாசகம் படிவத்தில் தனியாக இருக்கும். பாரிஷுக்குள் குடியிருப்பவர்களுக்கான கட்டத்தில் டிக் அடித்துவிடாதீர்கள். பெரும்பாலான படிவங்கள் திரும்பி வருவது அங்கேதான்.

அடுத்தது தேதி. வருடாந்திரக் கூட்டத்துக்கு முன் நடக்கும் பட்டியல் திருத்தம், கூட்டத்துக்கு 28 நாளுக்கு முன்பே முடியக் கூடாது, கூட்டத்துக்கு 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்வரை இழுக்கவும் கூடாது. ஏப்ரல் 26 கூட்டமென்றால் மார்ச் 29-க்கும் ஏப்ரல் 11-க்கும் இடையில் பட்டியல் மூடும். மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு, ஏப்ரல் 5 ஈஸ்டர். அந்த வாரத்தில் ஆபீசில் யாருக்கும் தலை தூக்க நேரமிருக்காது, ஆகவே முதல் நாளிலேயே மூடிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு கூட்டம் முடியும் வரை ஒரு பெயரும் சேர்க்க முடியாது. சபையின் பொறுப்புக் குருவான விகாரே சொன்னாலும் முடியாது.

'பிறந்தநாள் ஏப்ரல் 20, அதற்குள் பட்டியல் மூடிவிடுமே' என்று பல பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. கூட்ட நாளுக்குள் 16 நிறைகிறவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், பிறந்தநாளிலிருந்து பதிவு செல்லும். படிவத்தில் அந்தத் தேதியை எழுத இடம் இருக்கிறது. மார்ச் நடுவிலேயே கொடுத்துவிடுங்கள். கையெழுத்து அவனே போட வேண்டும், அப்பா போட்டால் செல்லாது.

வெளியே ஒட்டும் பட்டியலில் பெயர் மட்டும்தான் வரும், முகவரி வராது. ஆகவே முகவரி வெளியாகுமோ என்ற பயம் வேண்டாம். போன 2025-ல் எல்லாச் சபைகளும் பட்டியலைப் புதிதாகப் போட்டன. ஆறு வருடத்துக்கு ஒருமுறை அப்படி, அடுத்தது 2031. அப்போது ஏற்கெனவே பெயர் உள்ளவர்களும் மறுபடி படிவம் கொடுக்க வேண்டும். நீங்கள் 2025-ல் கொடுத்தீர்களா என்று உங்கள் பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு_பார்க்கிறவள்:

சந்தா கிடையாது அண்ணா. ஊரில் சங்கக் காணிக்கை பாக்கி இருந்தா பட்டியலில் பேர் வராதுங்கிற பழக்கத்தில் நம்ம ஆட்கள் நிறைய பேர் இங்கேயும் கேட்கிறாங்க. காணிக்கை கொடுப்பதும் ஓட்டும் இங்கே முற்றிலும் வேறு வேறு. யாராவது மாத நன்கொடை படிவத்தையும் சேர்த்துக் கையில் கொடுத்தா அது தனி விண்ணப்பம்.

பி.சி.சி.க்கு நிற்பதில்தான் திடப்படுத்தல் குறுக்கே வரும். நிற்பவர் பட்டியலில் இருக்கணும், 16 ஆகியிருக்கணும், கடந்த 12 மாசத்தில் குறைந்தது மூணு தடவை திருவிருந்து எடுத்திருக்கணும். அதோடு திடப்படுத்தல் ஆகியிருக்கணும், இல்லேன்னா அதற்கு ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருக்கணும். பையன் இதுவரை திருவிருந்து எடுக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தா இந்த வருஷம் நிற்க முடியாது, ஓட்டு மட்டும்தான். பெரியவங்களுக்கு 'ஆறு மாசம் பட்டியலில் இருந்திருக்கணும்' என்று ஒரு விதி உண்டு. 18-க்குக் கீழே உள்ளவங்களுக்கு அது பொருந்தாது. இது தெரியாம 'புதுசா சேர்ந்தவன் நிற்க முடியாது'ன்னு கூட்டத்திலேயே தடுத்தா விதியைத் திறந்து காட்டச் சொல்லுங்க.

பி.சி.சி. உறுப்பினர்னா சட்டப்படி அறக்கட்டளைப் பொறுப்பாளர். 16 வயசுப் பையன் எப்படின்னு தோணும். பி.சி.சி. கூட்டுரு பெற்ற அமைப்பு (சட்டத்தின் பார்வையில் தனி நபர் மாதிரி) என்பதால் 16 போதும். சாதாரண டிரஸ்டா இருந்தா 18 கேட்பாங்க. சர்ச் வார்டனுக்கு மட்டும் 21.

பழைய_சேகரம்:

நிற்கலாம், சரி. நிற்கணுமா? பதவிக்காலம் சாதாரணமாக மூணு வருஷம். 16-ல் ஏறினால் ஏ லெவல் பரீட்சையும் காலேஜ் விண்ணப்பமும் அதற்குள்ளே வரும். கூரை ரிப்பேர், கொதிகலன் டெண்டர், வரவுசெலவு என்று ராத்திரி பத்து மணி வரை இழுக்கும் கூட்டம். பிள்ளைகள் ரெண்டாவது கூட்டத்திலேயே வாயை மூடிக்கொள்ளும், யாரும் கேட்கவும் மாட்டார்கள். கமிட்டியில் ஒரு இளைஞர் இருக்கிறார் என்று அறிக்கையில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அதைவிட, பி.சி.சி. தனக்குக் கீழே வைக்கும் துணைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாதவர்களையும் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. ஞாயிறு பள்ளி, இசை, வாலிபர் வேலை எதிலாவது ஒரு வருஷம் இருக்கட்டும். பிறகு தேவையென்றால் பி.சி.சி. அவனைத் தேர்தல் இல்லாமலே கோ-ஆப்ட் செய்து சேர்த்துக்கொள்ளலாம், ஒரு தடவைக்கு ஒரு வருஷம்தான். அதற்கும் 16 வயசும் திருவிருந்து நிபந்தனையும் உண்டு.

கணக்கு_பார்க்கிறவள்:

பத்து மணி வரை இழுக்கிறது தலைவரின் கோளாறு, பையன் வயசின் கோளாறு இல்லை :) பட்டியலில் 50 பேருக்குள் இருக்கிற சின்ன சபையில் தேர்ந்தெடுக்கும் இடமே ஆறுதான். அங்கே ஒரு இளைஞர் குரல் அமுங்காது. 51-லிருந்து 100 வரை ஒன்பது, அதற்கு மேலே நூறு பேருக்கு மூணு வீதம் கூடிப் பதினஞ்சு வரை போகும். உங்க சபை எந்த அளவுன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

பட்டியல்_செயலர்:

சின்னவளுக்கு வருகிறேன். பிரதிஷ்டை ஜெபம் ஞானஸ்நானம் ஆகாது, எந்தப் பட்டியலிலும் அது கணக்கில் வராது. முதலில் தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம். 11 வயது தானாகப் பதில் சொல்லக்கூடிய வயது, ஆகவே அவளையே கேட்டு ஆயத்தப்படுத்துவார்கள்.

அதன் பிறகு திருவிருந்துக்கு இரண்டு பாதை. ஒன்று நேரே திடப்படுத்தல். இன்னொன்று 2006-ல் வந்த ஒழுங்குமுறை: திடப்படுத்தலுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை அனுமதிக்கலாம். ஆனால் அது உங்கள் பிள்ளைக்காக மட்டும் கேட்டு வாங்கும் சலுகை அல்ல. விகாரும் பி.சி.சி.யும் சேர்ந்து பிஷப்பிடம் விண்ணப்பித்து, சபைக்கே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆயத்த வகுப்பும் பின்தொடர் போதனையும் இருக்கிறதா என்று பிஷப் பார்ப்பார். உங்கள் சபையில் அனுமதி இல்லையென்றால், பி.சி.சி.யில் தீர்மானம் கொண்டுவரச் சொல்ல வேண்டியதுதான்.

ஒரு இடத்தில் முறைப்படி சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு வேறு எந்த சர்ச் ஆஃப் இங்கிலாந்து சபையிலும் மறுக்கக் கூடாது, அங்கே அந்த அனுமதி இல்லாவிட்டாலும் சரி. அதற்குச் சான்று வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழின் மேலேயே பதிந்து தரச் சொல்லுங்கள். வீடு மாறும்போது இந்தத் தாள் இல்லாமல்தான் பிள்ளைகள் பந்தியில் ஆசீர்வாதம் மட்டும் வாங்கித் திரும்புகிறார்கள்.

ரைன்கரை_லுத்தரன்:

16 என்பது ஆங்கிலிக்கன் கணக்கு, எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஜெர்மனியில் பவேரியா லுத்தரன் சபையில் திடப்படுத்தல் ஆனவர்கள் 14-லிலேயே சபைக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், ஆகாதவர்களுக்கு 16. அமெரிக்காவில் ஈ.எல்.சி.ஏ. என்ற லுத்தரன் திருச்சபை தன் சபைகளுக்குத் தரும் மாதிரிச் சட்டத்தில் வயதே இல்லை. திடப்படுத்தப்பட்ட உறுப்பினர் நடப்பு ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ அந்தச் சபையில் திருவிருந்து எடுத்து, பதிவான ஒரு காணிக்கையும் கொடுத்திருந்தால் ஓட்டு. காணிக்கை உறையில் பிள்ளையின் பெயர் தனியாக இருக்க வேண்டும் என்பதை அங்கே பெற்றோர் கவனிப்பதில்லை. எல்லாம் அப்பா பெயரில் ஏறினால் பிள்ளைக்குப் பதிவு இல்லை.

தாமிரபரணிக்கரை:

ரொம்ப நன்றி. ஒன்று மட்டும்: காலேஜுக்கு வேறு ஊர் போனால் பையன் பெயரை எடுத்துவிடுவார்களா?

பட்டியல்_செயலர்:

எல்லைக்கு வெளியே இருப்பவர் ஆறு மாதம் ஆராதனைக்கு வராவிட்டால் திருத்தத்தில் பெயரை நீக்கலாம். நோய் போன்ற தகுந்த காரணம் இருந்தால் நீக்கக் கூடாது. படிப்பு தகுந்த காரணமா என்பதைப் பி.சி.சி. முடிவு செய்யும். செப்டம்பரில் கிளம்புமுன் பட்டியல் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவைக்கச் சொல்லுங்கள், விடுமுறைக்கு வரும்போது ஆராதனைக்கும் வரட்டும்.